நான்கு இடது திருப்பம்

எங்கள் ஊரில் ஒரே ஒரு மலைதான் உண்டு. அதையும் நாங்களேதான் போட்டோம்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி மண்ணுக்கு வெகு கீழே கிடக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் மேலே கிடக்கும் மண்ணை முதலில் அள்ள வேண்டும். அள்ளிய மண்ணை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். கொட்டிக் கொட்டி அது மலையாகி, மேலே மரமும் வளர்ந்துவிட்டது. விவரம் தெரியாத வெளியூர்க்காரர்கள் பேருந்தில் போகும்போது, "அது என்ன மலைங்க?" என்று கேட்பார்கள். "எங்கப்பா போட்டது" என்பேன். பொய்யில்லை. மண்ணைச் சுமந்து போகும் கன்வேயரில் அப்பா வேலை பார்த்தார். அவர் விட்ட மிச்சத்தை நான் போட்டேன்.

ஆகவே ஐம்பத்திரண்டு வயதில், நெஞ்சுக்குள் ஒரு ஸ்டென்ட்டோடு, இலங்கையில் எல்ல என்கிற மலையூரில் போய் இறங்கியபோது எனக்கு ஒரு தொழில்முறைக் கர்வம் இருந்தது. மற்றவர்கள் மலையைப் பார்த்து வாய் பிளந்தார்கள். நான், இவ்வளவு செங்குத்தாகக் கொட்ட எந்த அதிகாரி அனுமதித்தார் என்று யோசித்தேன்.

ஸ்டென்ட் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதத்துக்கு முன் இரண்டாம் ஷிப்டில் கன்வேயர் ஓரமாக நடந்துகொண்டிருந்தவன் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நெஞ்சுக்குள் வேலை பார்த்த டாக்டர் ஒரு மாதம் கழித்து, "நல்லா நடங்க. மேடுகூட ஏறலாம். மூச்சு வாங்குனா நின்னுட்டு ஏறுங்க" என்றார். இந்த உலகத்தில் என்னை ஏறச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். மற்ற எல்லோரும் தடை போட்டார்கள். வாட்ஸ்அப் வந்து வீட்டுக்கு நான்கு வைத்தியர்கள் உருவாகியிருந்த காலம் அது. மைத்துனர் தினமும் காலையில் எனக்கு ஒரு மரணச் செய்தி அனுப்புவார், கீழே பூங்கொத்துப் படத்தோடு. எதிர் குவார்ட்டர்ஸ்காரர் நான் சிலிண்டரை நகர்த்தினால்கூட ஜன்னல் வழியாகச் சத்தம் போடுவார். என் மனைவி ஆரோக்கியமேரி ஒன்றும் சொல்ல மாட்டாள். நான் எழுந்தால் அவளும் எழுவாள்.

அலுவலகத்தில் தற்காலிகமாக என்னை ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். சீக்கிரமே மருத்துவக் குழு கூப்பிடும், பரிசோதிக்கும், மறுபடி சுரங்கத்துக்கு அனுப்பலாமா என்று சொல்லும். அதற்கு ஒரு குறுக்குவழியும் இருந்தது. "என் சொந்த விருப்பத்தின்பேரில் நிரந்தரமாக இலகு பணி கோருகிறேன்" என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் பரிசோதனையே கிடையாது. பக்கத்து மேஜைத் தங்கராசுதான் அந்தப் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"போட்ரு மச்சான். ஃபேனுக்குக் கீழ எட்டு வருஷம். யாருக்குக் கெடைக்கும்?"

'பெர்மனென்ட்' என்ற சொல்லுக்கு எங்கள் டவுன்ஷிப்பில் மோட்சத்துக்கு அடுத்த இடம். கான்ட்ராக்டில் இருப்பவர்கள் அந்த ஒரு சொல்லுக்காக முடி நரைக்கக் காத்திருக்கிறார்கள். பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளையின் பெயரைக் கேட்பதற்கு முன் அதைத்தான் கேட்பார்கள். அந்தச் சொல்லை நான் வெறுத்தது, இந்தப் படிவத்தில் படித்தபோதுதான். நிரந்தரமாக இலகு. செத்தவனைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

மேரி படிவத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "போய்ட்டு வந்து போட்டுக்கலாம்" என்றாள். போடலாமா என்று கேட்கவில்லை. அப்படியாக அந்தப் படிவமும் எங்களோடு கடல் தாண்டியது.

போன காரியம் மேரியின் அக்காவுடையது. அக்கா கன்னியாஸ்திரி. பண்டாரவளையில் ஒரு மடத்தில் இருக்கிறார். அவருக்கு வெள்ளிவிழா. காடாம்புலியூரிலிருந்து முந்திரிப்பருப்பு சுமந்துகொண்டு போனோம். பூசை, பாட்டு, கேக், கண்ணீர் எல்லாம் முறையாக நடந்தன. அடுத்த மூன்று நாளை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் நின்றபோது அக்காதான், "பக்கத்துல எல்லன்னு ஒரு ஊரு, குட்டிக் குட்டியா நடக்கிற வழிங்க இருக்கு, போய்ட்டு வாங்க" என்றார். மேரிக்கு 'குட்டி' என்ற சொல் பிடித்துப்போயிற்று.

முதல் நாள். ரயில் நிலையத்திலிருந்து தங்குமிடத்துக்கு ஆட்டோ. அங்கே அதற்கு த்ரீவீல் என்று பெயர். மேட்டில் பாதி ஏறியதும் அது என்னைப்போலவே உட்கார்ந்துவிட்டது. டிரைவர் இறங்கினார். மேரி இறங்கினாள். நானும் ஒரு காலை வெளியே வைத்தேன்.

"நீங்க உக்காருங்க."

"எறங்குனா வெயிட்டாவது கொறையும், மேரி."

"உக்காருங்கன்னு சொல்லிக்கினு இருக்கறேன் இல்ல?"

உட்கார்ந்தேன். வெள்ளிவிழாவுக்கு எடுத்த பட்டுப்புடவையோடு அவள் பின்னாலிருந்து தள்ள, டிரைவர் பக்கவாட்டில் தள்ள, நான் உள்ளே மடியில் பைகளோடு வீற்றிருந்தேன். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் தேர்ப் பவனி வரும் புனிதருக்குக்கூடக் கொஞ்சம் மரியாதை உண்டு, சுற்றிலும் மெழுகுவத்தி இருக்கும். சாலையோரக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் எழுந்துவந்து, ஒரு வார்த்தை பேசாமல், மேரிக்குப் பக்கத்தில் தோள் கொடுத்தார். அவருக்கு எழுபது வயதுக்குக் குறையாது. தள்ளி முடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கே, அந்த ஆட்டோவுக்குள்ளேயே, இந்த ஊரில் எதையாவது ஏறியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன்.

தங்குமிடத்துக்காரர் சுனில். சிங்களவர். தமிழ் கொஞ்சம் வரும். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் மூன்று கோடு போட்டார்.

"இது சின்ன மல. லேசி. இது ரயில் பாலம். அதுவும் லேசி. இது பெரிய பாற." பென்சில் நின்றது. என் முகத்தைப் பார்த்தார். "மிச்சம் கஷ்டம், ஐயா." மிச்சம் என்றால் அங்கே ரொம்ப.

உள்ளே இருந்து அவர் மனைவி சிங்களத்தில் ஏதோ சொன்னார். என்னவென்று கேட்டேன். சுனில் நெளிந்தார். "கோவிக்க வேணாம். இந்த ஐயா பெரிய பாறைக்கிப் போனா நாங்கதான் தூக்கிட்டு வரணும், எனக்கு இடுப்பு வலி இருக்கு, அதச் சொன்னா."

மேரி பென்சிலை வாங்கி மூன்றாவது கோட்டின்மேல் பெருக்கல் குறி போட்டாள். பரீட்சைத் தாள் திருத்துகிறவளைப்போல, அழுத்தி.

சாயங்காலம் சின்ன மலை. தேயிலைத் தோட்டத்துக்குள் வழி. தேயிலைச் செடியை ஒரே மட்டத்துக்கு வெட்டிவிட்டிருந்த அழகைப் பார்த்தால் எங்கள் ஊர் அதிகாரிகள் குடியிருப்பு வேலிதான் ஞாபகம் வந்தது, ஒரே வித்தியாசம், இங்கே அது மலை முழுக்கப் போகிறது. ஏறுவது கஷ்டமாக இல்லை. கஷ்டம் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. பத்து அடிக்கு ஒரு தடவை மேரி என் மணிக்கட்டைப் பிடித்து வாட்சைப் பார்த்தாள். அவளுடைய இடது கைக்குள் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை தயாராக இருந்தது. கீழே இறங்கிவந்த ஒரு ஜோடி எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசிப் போயிற்று. "பார், இந்த வயசிலும் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்" என்றாள் அந்தப் பெண். நாடி பார்க்கிறார்கள் என்று திருத்த வாயெடுத்தேன். மூச்சு இல்லை.

ஆனால் ஏறினேன். உச்சியில் நாலு நாய்கள், ஒரு புத்தர், காற்று. மேரி காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "நூத்திப் பத்து" என்றாள். நாடித்துடிப்பு.

இரண்டாம் நாள் பாலம். ஒன்பது வளைவோடு, இரும்பே இல்லாமல் கல்லால் கட்டியது என்றார்கள். அதைவிட எனக்கு ஆச்சரியம், ஜனங்கள் தண்டவாளத்தின் மேலேயே குடும்பத்தோடு நடந்து போனதுதான். ரயில் வந்தால் ஒதுங்கி நிற்கிறார்கள், டிரைவர் கையாட்டுகிறார். எங்கள் ஊரில் நிலக்கரி போகிற பாதையில் இப்படி நடந்தால் மெமோ கொடுத்துவிட்டுத்தான் கையாட்டுவார்கள். மேரி அந்தப் பாலத்தின்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து புகைப்படம் எடுத்துக்கொண்டாள். நான் எழுந்து நிற்பதற்கு முன்னால் அவளே எழுந்து தனியாகப் பாலத்தின் கோடிவரை போய்விட்டு வந்தாள். அதை நான் கவனித்தேன். எட்டு மாதத்தில் முதல்தடவை, என்னை விட்டுவிட்டு நாலடி போனது.

இரவுச் சாப்பாடு இடியாப்பம், பருப்பு, தேங்காய்ச் சம்பல். இடியாப்பத்துக்குப் பருப்புக் கறியா என்று மேரி முதலில் மூக்கைச் சுளித்தாள். மூன்றாவது தடவை வாங்கும்போது, "நம்மூர்ல ஏன் இந்த மாதிரி போட மாட்டறானுவோ" என்று டவுன்ஷிப் ஓட்டல்கள் அனைத்தையும் திட்டினாள்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாலையில் பண்டாரவளைக்குத் திரும்பிவிட வேண்டும். காலையில் மிச்சமிருந்தது ஒரு சின்ன நீர்வீழ்ச்சி. ஊரிலிருந்து தண்டவாளத்தோடு மட்டமாக நடந்தால் போதும், ஏற்றமே கிடையாது என்று சுனில் சத்தியம் செய்தார். மேரி ஒப்புக்கொண்டாள். நீர்வீழ்ச்சி எங்கள் குழாயடியைவிடக் கொஞ்சம் பெரியது. பதினைந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டோம். நேரம் நிறைய இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நெய்வேலி டவுன்ஷிப்பைக் கட்டம்போட்ட நோட்டில் வரைந்து அப்படியே தரையில் இறக்கியிருக்கிறார்கள். பிளாக்குகளுக்குப் பெயர்கூட இல்லை, எண்தான். எல்லாச் சாலையும் நேர்ச் சாலை, எல்லா முக்கும் செங்கோணம். எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் நான்கு தடவை இடது பக்கம் திரும்பினால் அதே வீட்டு வாசலில் நிற்கலாம். டாக்டர் நடக்கச் சொன்ன நாளிலிருந்து நானும் மேரியும் தினமும் சாயங்காலம் அப்படித்தான் நடக்கிறோம். அதற்கு 'ரவுண்டு' என்று பெயர். எங்கள் ஊரில் வழி தவற வேண்டுமென்றால் முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

"ஒரு ரவுண்டு அடிச்சிட்டு இதே எடத்துக்கு வந்துடலாமா?" என்றேன்.

மேரி யோசிக்கவே இல்லை. "வாங்க" என்றாள். காடாம்புலியூரில் பிறந்து, முந்திரித் தோப்புகளுக்குள் வழி கண்டுபிடித்து வளர்ந்தவள். இருபத்தேழு வருடம் டவுன்ஷிப்பில் குடியிருந்ததில் அவளுக்கும் பூமி சதுரமாகிவிட்டிருந்தது.

எனக்கு உள்நோக்கம் இருந்ததா என்று கேட்டால், முதல் இடது திருப்பம் எந்தப் பக்கம் போகிறது என்பது எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லுவேன். அந்தப் பக்கம் பெரிய பாறை இருந்தது. அதை நான் மேரியிடம் சொல்லவில்லை.

முதல் இடது, ஒரு சிறு பாலத்தைத் தாண்டித் தேயிலைக்குள். இரண்டாவது இடது, சூலம் நட்டு, சிவப்புத் துணி சுற்றிய ஒரு கல் இருந்த முக்கில். மூன்றாவது, விழுந்து கிடந்த ஒரு தைலமரத்துக்குப் பக்கத்தில். வழி கொஞ்சம் கொஞ்சமாக மேடேறியது. "எறக்கம் வந்துடும்" என்றேன். எங்கள் கணக்குப்படி நாலாவது இடது திரும்பியதும் தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும். திரும்பினோம். மேகம் நின்றுகொண்டிருந்தது. ஒரு மரத்துக்கு அடுத்த மரம் தெரியவில்லை. தண்ணீர்ச் சத்தம் இல்லை.

"இன்னும் ஒரு இடது போடலாமா?" என்றேன்.

"அஞ்சாவது போட்டா எதிர் வூட்டுக்குல்ல போவோம்?" என்றாள் மேரி. அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மேகத்துக்குள்ளிருந்து ஒரு விறகுக்கட்டு வந்தது. அதற்குக் கீழே ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். ராஜேஸ்வரி என்று பிறகு சொன்னார். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். அன்றைக்கு லீவு என்பதால் விறகுக்கு வந்திருக்கிறார்.

"எங்கங்க போறீங்க?" என்றார், சுத்தமான தமிழில். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அருவிக்கு."

"அருவி கீழேல்ல இருக்கு? நீங்க மேல வந்துகிட்டு இருக்கீங்க."

"நாலு தடவ லெஃப்ட்ல திரும்புனோம்" என்றேன்.

"நாலு தடவ திரும்புனா?"

"பொறப்பட்ட எடத்துக்கே வந்துடணும்" என்றாள் மேரி, கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல.

"எந்த ஊர்ல?"

"நெய்வேலில."

ராஜேஸ்வரி விறகைக் கீழே போட்டார். சிரிப்பதற்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. "அப்ப நெய்வேலிலதாங்க திரும்பியிருக்கணும்!"

சிரித்து முடித்துவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தார். நான் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஐயாவுக்கு மூச்சு வாங்குதே."

மேரி எல்லாவற்றையும் சொன்னாள். பெண்கள் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொள்கிற வேகத்தில் சொன்னாள். நெஞ்சு, ஸ்டென்ட், சுரங்கம், மேஜை, படிவம். "நெரந்தரமா லைட் டூட்டி குடுத்துடுவாங்க. எழுதிக் குடுத்தா போதும்."

"லைட் டூட்டின்னா?"

"பாதி வேல. உக்காந்துகினே பாக்கறது."

"அரைப்பேரு" என்றார் ராஜேஸ்வரி.

எங்களுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு வந்தால் ஒரு பேர். பறித்த கொழுந்து சொன்ன எடைக்கு வரவில்லையென்றால் கணக்கப்பிள்ளை செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் அரைப்பேர் போட்டுவிடுவார். "காலையிலேருந்து மழையில நின்னது முழு ஆளு. அட்ட கடிச்சது முழு ஆள. பேரு மட்டும் பாதி. இருக்கிறதுலயே அதாங்க வெக்கம். போன மாசம் எனக்கு அரைப்பேரு போட்டாரு. நான் கூடையக் கீழ எறக்கவே இல்லயே. மறுபடி நிறுங்க, நான் இங்கேயே நிக்கிறேன்னு நின்னுட்டேன். பின்னால முப்பது பொம்பளைங்க வரிசையில கத்துறாளுக."

"மறுபடி நிறுத்தாங்களா?" என்றேன்.

"நிறுத்தாங்க."

"எடை வந்துச்சா?"

"வரல" என்றார் ராஜேஸ்வரி. "ஆனா அவரு கையால அரைப்பேருன்னு போட்டாரு பாருங்க, அத நானா கேட்டு வாங்கல. அவராப் போடட்டும். நான் ஏங்க கேக்கணும்?"

மேரி கைப்பையைத் திறந்து, மூடினாள்.

"கீழ போறதுக்கு எவ்ளோ நேரமாவும்?" என்று கேட்டாள்.

"வந்த வழியாவா? ஒரு மணி நேரத்துக்கு மேல. மேல போறதுன்னா அர மணி. நீங்கதான் முக்காவாசி ஏறிட்டீங்களே."

மேரி சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "மேலன்னா? எது மேல?"

"பெரிய பாற" என்றார் ராஜேஸ்வரி.

நான் மரத்தின் பட்டையை ஆராய்ந்தேன். தைலமரத்தில் ஆராய அதிகம் இல்லை. மேரி என் மணிக்கட்டைப் பிடித்து வாட்சைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது பயம்தான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நெஞ்சு நின்றுவிடுமோ என்ற பயம் இல்லை. இவள் 'கீழே' என்று சொல்லிவிட்டால், நான் கீழே போய், மானம் கப்பலேற ஊருக்குப் போய், மேஜையில் உட்கார்ந்து, என் கையாலேயே எனக்கு அரைப்பேர் போட்டுக்கொள்வேன். எனக்கு என்னைத் தெரியும்.

"நின்னு நின்னு ஏறணும்" என்றாள் மேரி. "நான் நில்லுன்னா நிக்கணும்."

நின்று நின்று ஏறினோம். ராஜேஸ்வரி விறகை ஒரு மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு முன்னால் நடந்தார். ரப்பர் செருப்போடு, வீட்டுக்குள் நடப்பதைப்போல. பாதி வழியில் என் சாக்ஸுக்கு மேலே ஏதோ குளிர்ந்தது. பார்த்தால் இரண்டு அட்டைகள், என் இரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு என்று பரிசோதித்துக்கொண்டிருந்தன. குதித்தேன். டாக்டர் குதிக்கலாம் என்று சொல்லியிருக்கவில்லை.

"உப்பு இருந்தாக் கொண்டாங்க" என்றார் ராஜேஸ்வரி.

மடத்து அக்கா முன்யோசனையாக ஒரு பிளாஸ்டிக் பையில் உப்பு கட்டிக் கொடுத்திருந்தார். அது கைப்பைக்குள் கிழிந்து, சீப்பு, ஜெபமாலை, மாத்திரை எல்லாவற்றின்மேலும் பரவியிருந்தது. மேரி உள்ளே துழாவி ஒரு தாளை எடுத்தாள், ஒரே சுழற்றில் அதைக் கூம்பாக்கினாள், உப்பை வாரி அதில் போட்டாள். பண்ருட்டிக் கடைகளில் முந்திரிக்குப் போடுகிற மடிப்பு அது. அவள் அப்பா அந்த மடிப்பில் பெயர் வாங்கியவர். பொட்டலத்தை ராஜேஸ்வரி வாங்கி என் கால்மேல் தூவினார். அட்டைகள் ராஜினாமா செய்தன.

உச்சி. மேகம் விலகியிருந்தது. பெரிய பாறை என்று சொல்வது அடக்கத்தினால்தான். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வளைவும் நெளிவும். ஓடை வளைந்தது, ரயில் பாதை வளைந்தது, தேயிலை வரிசைகூட வளைந்தது. ஒரு செங்கோணம் கண்ணில் படவில்லை. இதற்குள்தான் நாங்கள் நாலு இடது போட்டிருக்கிறோம். என் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. எட்டு மாதமாக அது அடித்தால் பயப்படுவேன். அன்றைக்கு, அடிக்கட்டும், அதற்குத்தானே வைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

அங்கே, முதல் நாள் ஆட்டோவைத் தள்ளிய வெள்ளைக்காரக் கிழவர் ஒரு கல்லில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். வாயில் பழம் அப்படியே நின்றது. நான் சாவகாசமாக ஒரு வணக்கம் வைத்தேன். அந்த வணக்கத்துக்காக எவ்வளவு செலவானாலும் இன்னொரு ஸ்டென்ட் வைத்துக்கொள்ளலாம்.

"வேணும்னே கூட்டிகினு வந்தீங்களா?" என்றாள் மேரி.

"பாதி."

"பாதின்ற பேச்சே வேணாம் இனிமே." கொஞ்சம் கழித்து, பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மேஜைல உக்காந்ததுலேருந்து வூட்டுக்கு வந்தா நீங்க ஒரு வழக்குகூடப் பேசறதில்ல. டிவியப் பாத்துகினு. இங்க வந்து மூணு நாளா வாய் ஓயல."

அவள் கையில் மாத்திரை இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். எப்போது பைக்குள் வைத்தாள் என்று தெரியாது.

இறங்கும்போது ராஜேஸ்வரி தண்டவாளம் தெரிகிற இடம்வரை விறகோடு வந்து விட்டார். மேரி கடைசி முந்திரிப் பொட்டலத்தை அவர் கையில் திணித்தாள். "எங்கூருது. எங்கப்பா கொல்லையிது."

"உப்பு இன்னும் இருக்கே, இந்தாங்க" என்று ராஜேஸ்வரி கூம்பை நீட்டினார்.

"நீங்க வெச்சிக்குங்க. உங்களுக்குத்தான் தெனம் வேணும்."

ராஜேஸ்வரி கூம்பின் வாயை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். செருகும்போது தாளின் வெளிப்பக்கம் தெரிந்தது. ஈரத்தில் மை கரைந்திருந்தது. இருந்தாலும் முதல் வரியைப் படிக்க முடிந்தது: என் சொந்த விருப்பத்தின்பேரில். மிச்சம் இடுப்புக்குள் போய்விட்டது. விறகுக்கட்டு ஆடி ஆடித் தேயிலைக்குள் இறங்கிற்று.

சாயங்காலம் பண்டாரவளைக்குப் புறப்படும்போது மாத்திரை எடுக்க மேரியின் கைப்பையைத் திறந்தேன். அக்காவின் வெள்ளிவிழாப் பாட்டுத் தாள்கள், ஊரில் கொடுப்பதற்காக அவள் வாங்கிவந்தது, பத்துப் பன்னிரண்டு இருந்தன. மேலாகவே இருந்தன. ஒன்றில்கூட மடிப்பு இல்லை.

நெய்வேலிக்கு வந்த மறுநாள் தங்கராசு கேட்டான். "ஃபாரம் எங்க மச்சான்? சைன் போட்டியா?"

"உப்பு மடிக்க எடுத்துட்டாங்கடா."

"வெளையாடாத. வேற ஒண்ணு வாங்கியாரட்டா?"

"வேணாம். அவங்களாப் போடட்டும். நான் ஏன் கேக்கணும்?"

தங்கராசு என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு மூன்று நாள் மதிய இடைவேளையில் என் மேஜைக்கு வராமல் சாப்பிட்டான். நாலாம் நாள் வந்து, "அந்த மல எவ்ளோ ஒசரம்?" என்றான்.

மருத்துவக் குழு கூப்பிட்டது. கருவியில் நடக்க வைத்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள், படம் எடுத்தார்கள். மூத்த டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "மேடு ஏறினா மூச்சு வாங்குதா?" என்றார்.

"வாங்குது, சார். நிக்கிறேன். அப்புறம் ஏறிடறேன்."

அவர் என்னவோ எழுதினார். சுரங்கத்துக்குப் போகலாம், பகல் ஷிப்ட் மட்டும், ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. முழுப்பேரா என்று கேட்டால் முக்கால் பேர் என்று சொல்ல வேண்டும். ஆனால் நானாகக் கேட்டு வாங்கியது இல்லை. மிச்சக் கால் பேருக்காக ஆறு மாதம் கழித்தும் கூடையை இறக்காமல் நிற்பேன். சுரங்கம் என்பது கவிழ்த்துப் போட்ட மலை. காலையில் சுலபமாக இறங்கிவிடலாம், சாயங்காலம் ஏறியாக வேண்டும். அதை யாரும் மலையேற்றம் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல ரவுண்டு கிளம்பினோம். எதிர் குவார்ட்டர்ஸ்காரர் ஜன்னலிலிருந்து, "மெதுவா, மெதுவா" என்றார். முதல் இடது. இரண்டாவது. மூன்றாவது. மேரி அக்காவோடு பேசிய கதையைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். நாலாவது முக்கு வந்தது. இடது பக்கம் எங்கள் வீடு. வலது பக்கம் நேராக ஒரு சாலை போகிறது, அதன் கோடியில் எங்கப்பா போட்ட மலை தெரியும்.

பேச்சை நிறுத்தாமலே மேரி வலது பக்கம் திரும்பினாள்.